பேனாக் கத்தியும் ஒன்பதாம் நம்பர் மாத்திரையும்

போஸ்ட் மாஸ்டர் என்றால் என்ன வேலை செய்வார்? ஸ்டாம்ப் விற்பார். மணியார்டர் பட்டுவாடா பார்ப்பார். அந்தக் காலமென்றால் தந்தி அடிப்பார். மிஞ்சிப் போனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவார். ஆபரேஷன் செய்வாரா?

ஒருத்தர் செய்திருக்கிறார். அதுவும் பேனாக் கத்தியை வைத்துக்கொண்டு.

1917-ம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே ஹால்ஸ் க்ரீக் என்றொரு ஊர். ஊர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். 1880-களில் தங்கம் கிடைக்கிறது என்று கூட்டம் கூடி, தங்கம் தீர்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்ட இடம். மிச்சமிருந்தது ஒரு போஸ்ட் ஆபீஸ், கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மாட்டுப் பண்ணைகள்.

அப்படி ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர் ஜிம்மி டார்சி. வயது 29. ஒருநாள் மாடுகள் மிரண்டு ஓடின. விரட்டிக்கொண்டு போன டார்சி குதிரையிலிருந்து விழுந்தார். சாதாரண அடி இல்லை. உள்ளுக்குள் என்னவோ கிழிந்துவிட்டது. வலியில் துடித்தவரை அவருடைய சகோதரர்கள் ஒரு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஹால்ஸ் க்ரீக்குக்குப் புறப்பட்டார்கள். 75 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம். ரோடு என்ற ஒன்று இல்லாத இடத்தில் அந்த வண்டி எப்படிக் குலுங்கியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்தால், ஊரில் டாக்டர் கிடையாது. முதலுதவி என்று ஏதோ கொஞ்சம் தெரிந்தவர் போஸ்ட் மாஸ்டர் டக்கெட் மட்டும்தான். மனிதருக்குத் தெரிந்தது தந்தி. அதைத்தான் செய்தார். விண்டம் என்ற ஊரில் இருக்கும் டாக்டருக்கு அடித்தார். ஆள் கிடைக்கவில்லை. டெர்பிக்கு அடித்தார். அங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் பெர்த் நகரத்துக்கு அடித்தார். சுமார் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கண்டத்தின் தென்மேற்குக் கோடி. அங்கே ஹாலண்ட் என்றொரு டாக்டர். எப்போதோ டக்கெட்டுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து தந்தி ஆபீஸில் உட்கார வைத்தார்கள்.

ஆரம்பித்தது விசாரணை. இந்தப் பக்கம் வாத்தியார், அந்தப் பக்கம் மாணவர், நடுவே ஒரு கம்பி. அவர் கேள்வி கேட்க, இவர் பதில் சொல்ல, எல்லாம் மோர்ஸ் பாஷையில். கட்டுக் கடா, கட்டுக் கடா. ஹாலண்ட் முடிவுக்கு வந்தார். சிறுநீர்ப்பை கிழிந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். செய்ய வேண்டியவர்? வேறு யார், போஸ்ட் மாஸ்டர்தான்.

டக்கெட் வெலவெலத்துப் போனார். கருவி எதுவும் இல்லை என்றார். பேனாக் கத்தி இருக்கிறதல்லவா, சவரக்கத்தி இருக்கிறதல்லவா என்று பதில் வந்தது. மருந்து? பெர்மாங்கனேட் போதும். ஆள் செத்துவிட்டால்? சும்மா இருந்தாலும் சாகத்தான் போகிறார்.

அவ்வளவுதான். டார்சியை மேஜையில் படுக்க வைத்துக் கட்டினார்கள். ஒரு வரி தந்தி, ஒரு கீறல். இன்னொரு வரி, இன்னொரு கீறல். மணிக்கணக்கில் நடந்தது. நடந்தும் பிரச்னை தீரவில்லை. மறுபடி ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டது. அதையும் அதே மனிதர், அதே கத்தியால் செய்தார்.

ஐரோப்பாவில் முதல் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம் அது. ஆஸ்திரேலியப் பேப்பர்களில் பக்கம் பக்கமாகச் சாவுச் செய்திதான். அதற்கு நடுவிலும் டார்சிக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஜனங்கள் தேடிப் படித்தார்கள்.

ஹாலண்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார். மாடு ஏற்றும் கப்பலில் டெர்பி வரைக்கும். அங்கிருந்து ஒரு ஃபோர்டு காரில். கார் படுத்துக்கொண்டபோது குதிரை வண்டியில். கடைசியில் கால்நடையாகவும். பத்துப் பன்னிரண்டு நாள் அல்லாடி ஹால்ஸ் க்ரீக் வந்து சேர்ந்தார்.

முந்தின நாள்தான் டார்சி இறந்திருந்தார்.

பிரேதப் பரிசோதனை செய்த ஹாலண்டுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பேனாக் கத்தி ஆபரேஷன் பிரமாதமாக வெற்றி பெற்றிருந்தது! டார்சியைக் கொன்றது அது இல்லை. மலேரியா. கூடவே குடல்வாலில் ஒரு சீழ்க் கட்டி. இரண்டையும் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

கொஞ்சம் நின்று இதை யோசிக்கலாம். இன்றைக்கு டெலிமெடிசின் என்கிறோமே, அதன் ஆரம்பகால அத்தியாயங்களில் ஒன்று இது. தொழில்நுட்பம் என்று பார்த்தால் நூற்றுக்கு நூறு மார்க். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் சொன்னார், இந்தப் பக்கம் கை செய்தது, கிழிந்த இடம் சரியானது. ஆனாலும் நோயாளி பிழைக்கவில்லை. ஏன்? கம்பி வழியாகப் போனது ஒரு சிறுநீர்ப்பை. டார்சி என்கிற முழு மனிதர் போகவில்லை. காய்ச்சலும் கட்டியும் சேர்ந்த அந்த மொத்த உடம்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, தெரிந்த ஆள் ஒருத்தர் இல்லை.

உறுப்புக்கு வைத்தியம் செய்வதா, ஆளுக்கு வைத்தியம் செய்வதா? டாக்டர் தூரத்தில் இருக்கிறபோது இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடிவிடுகிறது. இதற்குப் பதில் தேடி ஆஸ்திரேலியர்கள் பிறகு செய்த காரியங்கள்தான் நமக்கு முக்கியம்.

அந்தக் கதையின் நாயகர் டாக்டர் இல்லை. பாதிரியார். பெயர் ஜான் ஃப்ளின். 1880-ல் விக்டோரியா மாகாணத்தில் பிறந்தவர். பிரெஸ்பிட்டேரியன் சபை இவரை நாட்டின் உட்பகுதிக்கு அனுப்பி, அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன தேவை என்று பார்த்துவிட்டு வரச் சொன்னது. ஞானஸ்நானம், ஜெபக்கூட்டம், பைபிள் என்று ஒரு பட்டியலோடு வருவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் வந்து சொன்னது வேறு. முதலில் நர்ஸ் வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. பேச்சுத்துணை வேண்டும். தனிமை ஜனங்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

மிகையில்லை. அன்றைக்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் கிட்டத்தட்ட இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இருந்தது மொத்தமே இரண்டு டாக்டர்கள். பதினைந்து தமிழ்நாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டே டாக்டர்களிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அடுத்த வீடு என்பது நூறு கிலோமீட்டர். பிரசவ வலி எடுத்தால் புருஷன்தான் மருத்துவச்சி. குழந்தை தங்கினால் தங்கியது. இல்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழி.

1912-ல் ஆஸ்திரேலிய உள்நாட்டு மிஷன் என்று ஓர் அமைப்பு தொடங்கி ஃப்ளினைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் இல்லங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. நல்ல காரியம்தான். ஆனால் நர்ஸ் இருக்கும் இடத்துக்கு நோயாளி வந்து சேர வேண்டுமே? டார்சியின் 75 கிலோமீட்டர் அப்படியே இருந்தது.

இந்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. 1917 நவம்பரில் எழுதப்பட்டது. டார்சி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எழுதியவர் கிளிஃபோர்டு பீல். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர், யுத்தம் வந்ததால் விமானப்படையில் சேர்ந்தவர். ஏரோப்ளேனில் டாக்டரை அனுப்பினால் என்ன என்று கேட்டிருந்தார். ரைட் சகோதரர்கள் பறந்தே பதினான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. விமானம் என்றால் குண்டு போடுகிற வஸ்து என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம்.

வெறும் யோசனையாக இருந்திருந்தால் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். பி.காம். படித்தவனாகிய எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்த விஷயம், பையன் கணக்கோடு எழுதியிருந்தான். எந்தெந்த ஊரில் தளம், ஒன்றுக்கொன்று எத்தனை தூரம், எவ்வளவு நேரம், செலவு என்ன ஆகும். கருணைக்கும் பட்ஜெட் வேண்டும் என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஃப்ளின் அதைத் தன் பத்திரிகையில் பிரசுரித்தார். பீலுக்கு அதற்குமேல் கொடுத்து வைக்கவில்லை. 1918 செப்டம்பரில் பிரான்சில் பறந்து போனவர் திரும்பவே இல்லை. வயது 24. யுத்தம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை.

யோசனை ரெடி. பணம்? அதற்குப் பத்து வருஷம் பிடித்தது. பேசாத கூட்டம் இல்லை, ஏறாத படி இல்லை. கடைசியில் அறுவடை இயந்திரம் செய்து பெரும் பணக்காரரான மெக்கே என்பவர் 1926-ல் காலமானபோது, தன் உயிலில் இரண்டாயிரம் பவுண்ட் எழுதி வைத்திருந்தார். அதிலும் ஒரு நிபந்தனை. சபையும் தன் பங்குக்குப் பணம் திரட்டிப் போட வேண்டும். வியாபாரி வியாபாரிதான்.

விமானம் வாங்குகிற அளவுக்கு வசதி கிடையாது. வாடகைக்கு எடுத்தார்கள். கொடுத்தது குவாண்டாஸ். இன்றைக்கு உலகம் முழுக்கப் பறக்கிற அதே குவாண்டாஸ்தான். அன்றைக்கு அது குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் பிறந்த குட்டிக் கம்பெனி. மைலுக்கு இரண்டு ஷில்லிங் வாடகை. விமானத்தின் பெயர் விக்டரி. ஒற்றை எஞ்சின். மரச்சட்டத்தில் துணி போர்த்திய உடம்பு. பைலட் திறந்தவெளியில் உட்கார வேண்டும். ரேடியோ கிடையாது. கீழே தெரிகிற ஆறு, வேலி, தந்திக் கம்பம் இவைதான் வழிகாட்டி.

1928 மே 15. குவீன்ஸ்லாந்தில் இருக்கும் க்ளான்கரி என்கிற ஊரில் சேவை தொடங்கியது. ஒரு வருஷப் பரிசோதனை என்றுதான் பேச்சு. இரண்டு நாள் கழித்து பைலட் ஆர்தர் அஃப்லெக்கும் டாக்டர் வெல்ச்சும் முதல் பயணம் கிளம்பினார்கள். 137 கிலோமீட்டர் தள்ளி ஜூலியா க்ரீக். இறங்கினால் வரவேற்க நூறு பேர் நின்றிருந்தார்கள். முதல் வருஷம் ஐம்பது பயணம், 225 நோயாளிகள். பரிசோதனை பாஸ்.

டாக்டருக்குச் சிறகு முளைத்தாயிற்று. சரி, அவரை எப்படிக் கூப்பிடுவது?

இதுதான் பெரிய ஓட்டை. பண்ணை வீட்டில் ஒருத்தர் பாம்புக்கடி பட்டுக் கிடக்கிறார். டாக்டரிடம் விமானம் இருக்கிறது. ஆனால் தகவல் சொல்ல நாள்கணக்கில் குதிரையில் போக வேண்டும் என்றால் விமானத்தால் என்ன பிரயோஜனம்? ரேடியோ வேண்டும். ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் என்ற வார்த்தைகூடப் போய்ச் சேராத இடங்கள் அவை. பாட்டரி வைக்கலாமென்றால் அன்றைய பாட்டரியின் கனத்துக்கு ஒட்டகம்தான் வேண்டும்.

இங்கேதான் ஆல்ஃபிரெட் ட்ரேகர் உள்ளே வருகிறார். அடிலெய்டு நகரத்து எலெக்ட்ரிகல் எஞ்சினியர். அதிகம் பேசாத ஆசாமி. 1926-ல் ஃப்ளினுடன் பாலைவனத்துக்குப் போய், பாட்டரிகளைக் கட்டி இழுத்துப் பரிசோதனை செய்து, இது வேலைக்காகாது என்று தெரிந்துகொண்டு திரும்பினார். கையால் சுற்றிப் பார்த்தார். ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறு கையால் மோர்ஸ் அடிக்க முடியவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது. கை வேறு வேலை செய்கிறதா? காலைப் பயன்படுத்து!

சைக்கிள் பெடல். தையல் மெஷின் முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து காலால் மிதித்தால் மின்சாரம் வரும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும். தகவல் அனுப்பலாம். 1929 ஜூனில் அகஸ்டஸ் டவுன்ஸ் என்கிற மாட்டுப் பண்ணையில் முதல் பெடல் ரேடியோவை வைத்தார்கள். க்ளான்கரிக்கு முதல் செய்தியை அனுப்பியது அந்த வீட்டம்மா.

இங்கே ஒரு சிக்கல். பண்ணை ஜனங்களுக்கு மோர்ஸ் எங்கே தெரியும்? அதைக் கற்றுக்கொண்டு தகவல் அனுப்புவதற்குள் நோயாளிக்கு வியாதி முற்றிவிடும். ட்ரேகர் அதற்கும் ஒரு வழி செய்தார். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை. ‘ஏ’ என்ற எழுத்தைத் தட்டினால் அதற்கான மோர்ஸ் தானாகப் போய்விடும். 1930-களின் நடுவில் குரலிலேயே பேசும் வசதியும் வந்துவிட்டது.

பெடலை மிதித்தவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? பெண்கள். ஆண்கள் மாட்டோடு போயிருப்பார்கள். வீட்டில் இருக்கிற அம்மா மிதித்துக்கொண்டே டாக்டரிடம் பேசுவாள். குழந்தைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல், மூச்சு எப்படி வாங்குகிறது, சாப்பிட்டதா, தூங்கியதா. டக்கெட்டுக்குக் கிடைக்காத சௌகரியம் இது. ஒரு தடவை கேட்டுச் சொல்லிவிட்டு விட்டுவிடுவது இல்லை. நாளைக்குக் காலையில் மறுபடி கூப்பிடு, எப்படி இருக்கிறது என்று சொல். அதற்கடுத்த நாளும். ஒரே டாக்டர், ஒரே குடும்பம், வருஷக்கணக்கில். அந்த வீட்டில் யாருக்கு என்ன உடம்பு, யாருக்கு எதில் பயம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிடும். முகம் பார்க்காத குடும்ப டாக்டர்.

இன்னும் ஒரு குறை இருந்தது. மருந்து. டாக்டர் ஒரு பெயர் சொல்வார். ரேடியோ இரைச்சலில் அது வேறொன்றாகக் கேட்கும். தப்பாகக் கேட்டால் ஆளே காலி. 1942-ல் லூசி கார்லிக் என்கிற நர்ஸ் ஒரு யோசனை சொன்னார். எல்லாப் பண்ணைக்கும் ஒரே மாதிரி மருந்துப் பெட்டி. உள்ளே இருக்கிற ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நம்பர். இனிமேல் பெயரே வேண்டாம். ஒன்பதாம் நம்பர் மாத்திரை, வேளைக்கு இரண்டு. முடிந்தது விஷயம்.

பிற்பாடு மனித உடம்புப் படம் ஒன்றையும் பெட்டியோடு சேர்த்தார்கள். அதிலும் பகுதி பகுதியாக நம்பர். வயிற்றில் எங்கே வலி என்று இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நம்பரைச் சொன்னால் போதும்.

இந்தப் பெட்டியை வைத்து அந்த ஊர்ப் பக்கம் ஒரு பழைய ஜோக் உண்டு. ஒன்பதாம் நம்பர் கொடு என்றாராம் டாக்டர். மறுநாள் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஒன்பது தீர்ந்துபோச்சு டாக்டர், நாலையும் அஞ்சையும் சேர்த்துக் கொடுத்துட்டேன்” என்று பதில் வந்ததாம். சிரிக்கலாம். ஆனால் உள்ளே ஒரு உண்மை இருக்கிறது. நம்பர் எத்தனை கச்சிதமாக இருந்தாலும், அந்த முனையில் புரிந்துகொண்டு செய்கிற ஆள் ஒருத்தர் வேண்டும்.

இதுவரைக்கும் சொன்னது வைத்தியம். இனிமேல் சொல்லப்போவதை வைத்தியத்தில் சேர்க்கலாமா என்று எந்த ஆஸ்பத்திரி கணக்குப் பிள்ளையும் யோசிப்பார். நான் சேர்ப்பேன்.

டாக்டர் பேசி முடித்த பிறகு ரேடியோ சும்மாதானே இருக்கிறது? பெண்கள் அதில் பேச ஆரம்பித்தார்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பக்கத்து வீட்டுக்காரியிடம், இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எதிர்வீட்டுக்காரியிடம். மழை பெய்ததா, பையனுக்குப் பல் முளைத்ததா, அந்தப் பலகாரத்துக்கு எத்தனை முட்டை போடுவாய்? இதற்கென்றே நேரம் ஒதுக்கினார்கள். அதற்குப் பெயர் ‘கலா செஷன்’. கலா என்பது அந்த ஊரில் கூட்டமாக உட்கார்ந்து ஓயாமல் கத்துகிற ஒரு கிளி! கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் வருஷத்தில் ஏழெட்டு மாதம் இன்னொரு பெண்ணின் முகத்தையே பார்க்காத ஒருத்திக்கு அந்த அரை மணி நேரம் என்னவாக இருந்திருக்கும்? எந்த நம்பர் மாத்திரையும் அதைத் தந்திருக்க முடியாது.

குழந்தைகளும் சும்மா இல்லை. அடிலெய்டு மீத்கே என்கிற கல்வியாளர், ஃப்ளையிங் டாக்டர் அமைப்பில் பொறுப்பில் இருந்தவர், பண்ணைக் குழந்தைகள் எத்தனை சர்வசாதாரணமாக அந்த ரேடியோவைக் கையாளுகிறார்கள் என்பதைக் கவனித்தார். அதிலேயே பாடம் நடத்தினால் என்ன? 1951 ஜூனில் ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸில் ‘வானொலிப் பள்ளி’ முறைப்படி தொடங்கியது. டாக்டரின் அதே ரேடியோ. காலையில் வைத்தியம், அப்புறம் வாய்ப்பாடு.

ஆக, ஃப்ளின் அன்றைக்குக் கொடுத்த பட்டியல் நாற்பது வருஷத்தில் கிட்டத்தட்ட முழுசாக நிறைவேறிவிட்டது. நர்ஸ், டாக்டர், மருந்து, பேச்சுத்துணை, படிப்பு. அவர் இதற்கு வைத்திருந்த பெயர் பாதுகாப்புப் போர்வை. ஒரு மனிதனின் நோயை மட்டும் மூடுகிற துண்டுத் துணி இல்லை அது. ஆளையே மூடுகிற போர்வை.

எல்லாரையும் மூடியதா?

இந்த இடத்தில்தான் சரித்திரம் கொஞ்சம் கசக்கும். அந்த நிலம் யாருடையது? ஆயிரமாயிரம் வருஷங்களாக அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுடையது. ஃப்ளினின் மிஷன் அவர்களுக்காக உண்டாக்கப்பட்டது இல்லை. வெள்ளைக்காரக் குடியேறிகளுக்காக உண்டானது. அந்தக் காலத்திலேயே அடிலெய்டைச் சேர்ந்த டாக்டர் சார்ல்ஸ் டூகிட் இதைக் கண்டித்துப் பேசினார். கறுப்பு மனிதனுக்கு ஏன் இந்த வாசல் திறக்கவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. தூரத்தை ஜெயித்தவர்களால் பக்கத்தில் இருந்த தோலின் நிறத்தை ஜெயிக்க முடியவில்லை.

1951 மே மாதம் ஃப்ளின் காலமானார். ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ் அருகே அவருடைய அஸ்தியை வைத்தார்கள். மேலே ஒரு பெரிய உருண்டைப் பாறை. கார்லு கார்லு என்ற இடத்திலிருந்து கொண்டுவந்தது. அந்த இடம் பூர்வகுடி மக்களுக்குப் புனிதத் தலம். அவர்களைக் கேட்கவில்லை. நம் குலதெய்வக் கோயில் கல்லை ஒருத்தர் பெயர்த்துக்கொண்டு போய் இன்னொருத்தர் சமாதியில் வைத்தால் எப்படி இருக்கும்? பல வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் 1999-ல்தான் அந்தக் கல் தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. பதிலுக்கு அரெர்ண்டெ என்கிற பூர்வகுடியினர் தங்கள் நிலத்திலிருந்து வேறொரு கல்லை அந்தச் சமாதிக்குக் கொடுத்தார்கள். கொடுக்காமலும் இருந்திருக்கலாம். கொடுத்தார்கள். போர்வை என்றால் என்னவென்று யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

1955-ல் ராயல் என்ற பட்டம் சேர்ந்து, ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் ஆனது அந்த அமைப்பு. இன்றைக்கும் பறக்கிறது. அதன் நோயாளிகளில் பெரும் பங்கு இப்போது பூர்வகுடி மக்கள். அவசரத்துக்கு விமானம் அனுப்புவது வேலையில் ஒரு பகுதிதான். ஊர் ஊராகப் போய் கிளினிக் நடத்துகிறார்கள். பல் வைத்தியம் பார்க்கிறார்கள். மனநல ஆலோசனை தருகிறார்கள். போனிலும் வீடியோவிலும் வைத்தியம் சொல்கிறார்கள். நம்பர் போட்ட மருந்துப் பெட்டி இன்னமும் இருக்கிறது. 1994-ல் வந்த இருபது டாலர் நோட்டில் ஃப்ளினின் முகத்தோடு விக்டரி விமானமும், பெடல் ரேடியோவும், ஓர் ஒட்டகமும் இடம் பிடித்தன.

நமக்கு இந்தச் சங்கதியெல்லாம் புத்தியில் ஏறியது 2020-ல்தான். கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25-ம் தேதி, போன் மூலமும் வீடியோ மூலமும் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. எந்த மருந்தைத் தூரத்திலிருந்து எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று அதில் பட்டியல் உண்டு. லூசி கார்லிக்கின் பெட்டிக்குத் தூரத்துச் சொந்தம். இன்னொரு விஷயமும் உண்டு. நோயாளியின் பக்கத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் உட்கார்ந்துகொண்டு டாக்டரிடம் பேசுவதையும் அது ஒரு முறையாகவே அங்கீகரிக்கிறது. எனக்கு அதைப் படித்தபோது ஹால்ஸ் க்ரீக் மேஜைதான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்றைக்கு செல்போனைத் தட்டினால் டாக்டர் திரையில் வந்துவிடுகிறார். மோர்ஸ் வேண்டாம், பெடல் வேண்டாம். முகம் தெரிகிறது, நாக்கை நீட்டினால் பார்க்கிறார். பத்து நிமிஷத்தில் மருந்துச் சீட்டு வந்துவிடுகிறது. ரொம்பச் சௌகரியம். குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாளைக்குக் கூப்பிட்டால் அதே டாக்டர் வருவாரா? இன்னிக்கு எப்படி இருக்கு என்று அவராகவே கேட்பாரா? முழங்கால் வலி என்று போன் செய்த பாட்டி, பேசுவதற்கு ஆளில்லாமல் மூன்று மாதமாகத் தூங்கவில்லை என்பது அந்தத் திரையில் தெரியுமா?

தெரிய வைக்க முடியும். அதற்கு இன்னும் வேகமான இணைப்பு தேவையில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்கிற பொறுமை தேவை. அந்த முனையில் பாட்டியின் பக்கத்தில் ஒரு ஆள் தேவை.

ஜிம்மி டார்சிக்குக் கிடைத்த ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. கிடைக்காமல் போனது, வேறு எங்கேயாவது வலிக்கிறதா என்ற ஒரே ஒரு கேள்வி.